மாடிப்படியில் டெட்டால் வாசனை

"கொரோனா அக்கா வந்துவிட்டாள்" என்றாள் எட்டு வயது மகள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். நான் சிரித்துவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. படியில் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு மேலே போனது.

2020 ஜூன், பெங்களூரின் ஈஜிபுரா. எங்கள் மாடியில் மணிப்பூரைச் சேர்ந்த அக்காள், தங்கை குடியிருந்தார்கள். மூத்தவள் நர்ஸ். மார்ச் 22 மாலை தெருவே தட்டைத் தட்டியது அவளுக்காகவும்தான். ஆனால் அவர்கள் இறங்கிப் போனதும் அப்பா வாளியில் டெட்டால் கலந்து படியைக் கழுவுவார். நாங்கள் ஏறி இறங்கினால் கழுவ மாட்டார். வடகிழக்கு மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் மார்ச்சிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. எங்கள் படிக்கட்டு வரை அது வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் அந்தக் காவலரின் முழங்காலைப் பார்த்து, "அவனும் மனிதன்தானே" என்று உச்சுக் கொட்டியவர் அப்பா. 2012 ஆகஸ்டில் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்குப் பயந்து வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயிலில் முண்டியடித்தபோது, "நம் கதைதான்" என்றவரும் அவரே.

நம் கதை என்றால் 1991 டிசம்பர். தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. காவிரி நீர் என்ற இடைக்கால உத்தரவை ஒட்டி ஊர் பற்றி எரிந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பா வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தார். எதிர்வீட்டுக் கன்னட அம்மாள் எங்களை உள்ளறையில் படுக்கவைத்து, "வாயைத் திறக்காதீர்கள், பேச்சிலேயே தெரிந்துவிடும்" என்றார். இந்தப் பெண்களுக்கு வாயை மூடியும் பயனில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் தெரிகிறதே.

இதைச் சொன்னதும் அப்பா, "அதுவும் இதுவும் ஒன்றா? இது நோய்" என்றார். நான் அவரிடம் கத்தினேன். சிரித்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

"படி வழுக்குகிறது, அங்கிளிடம் சொல்லுங்கள். முந்தாநாள் தங்கை விழுந்துவிட்டாள்" என்றாள்.

அன்றே வாளியை ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், சொம்பில் கலந்துகொண்டிருந்தார்.