ஓ.பி. சீட்டும் கால் கிலோ சிப்ஸும்

களியக்காவிளையில் பஸ் இறங்கினதும் நேந்திரங்காய் சிப்ஸ் கால் கிலோ. நடந்து வீடு சேர்றதுக்குள்ள பாதி காலி, மீதி பீரோவில் துணிக்கு அடியில். எல்லாரும் படுத்த பிறகு அதுவும் போய், மூடி வெச்சிருந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நின்னுக்கிட்டே காலியாகும். மறுநாள் அதுக்குத் தண்டனையா மத்தியானம் வரை வெறும் கட்டன் சாயா. சாயங்காலம் மறுபடி அதே கடை. நாலு வருஷம் இப்படி.

ஒருநாள் லீவு போட்டுட்டு திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுறவர், "எந்தா அசுகம்?"

"சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியலை."

என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "அமிதவண்ணம், அல்லே?" வண்ணம்னா நமக்கு நிறம், அவங்களுக்குப் பருமன். பின்னாடி வரிசையில் யாரோ சிரிச்சாங்க. ஜெனரல் மெடிசினுக்கு எழுதிட்டார். ரெண்டரை மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தது மூணு நிமிஷம். கையில் 1200 கலோரி டயட் சீட்டு. பதினோரு நாள் அட்சரம் பிசகாம இருந்தேன். பன்னிரண்டாம் நாள் சித்தி கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து, டப்பாவோட போச்சு.

கூட வேலை செய்யிற அக்கா சொல்லித்தான் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே சிரமமே இல்லை. சைக்காலஜிஸ்ட் எடையைக் கேட்கவே இல்லை. "உச்சைக்கு எந்தா கழிச்சே?", மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு மட்டும் கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னேன். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது: பகல் பட்டினிதான் ராத்திரி அள்ளித் தின்ன வைக்குது. 1944-45-ல் அமெரிக்காவில், மின்னசோட்டாவில் திடமான 36 ஆண்களை ஆறு மாசம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தாங்களாம். சாப்பாடு திரும்பக் கிடைச்சதும் அவங்களில் பலருக்கு எவ்வளவு தின்னும் அடங்கலையாம். நான் வாய்க்கட்டு இல்லாதவள்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இப்படி அடங்காம அள்ளித் தின்றதை, 'பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர்'னு, தனி நோயாச் சேர்த்ததே 2013-லதான்.

வைத்தியம்? மூணு வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு சிறுதீனி, நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காயக்கூடாது. தின்னதை, தின்ன நேரத்தை, அப்போ மனசில் என்ன இருந்ததுங்கிறதை நோட்டில் எழுதணும். எடை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும்.

"மக்ளே, தடியைக் குறைக்கப் போனவளுக்கு நேரத்துக்கு நேரம் தீனியா?" அம்மாவுக்குத் தாங்கலை. எனக்கும் முதல் ரெண்டு வாரம் பயம்தான்.

எல்லாத்தையும் விடக் கஷ்டம், ராத்திரி அள்ளித் தின்ன மறுநாள் காலையில் புட்டும் கடலையும் முன்னாடி உட்கார்றது. அந்த ஒரு வேளையைத் தவிர்த்தா சக்கரம் மறுபடி சுத்த ஆரம்பிச்சிடும். ஆபீஸ் ஓண சத்யை விருந்துக்காகக் காலைச் சாப்பாட்டை விட்டேன், அன்னைக்கு ராத்திரியே அனுபவிச்சேன்.

போறவங்க கவுண்டரிலேயே மனநலப் பிரிவுன்னு கேளுங்க, விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. தின்னுட்டு வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தா முதல் நாளே சொல்லிடணும், வாந்தியால ரத்தத்தில் பொட்டாசியம் குறைஞ்சா இதயத்தையே பாதிக்கும். நேரில் போக வெட்கமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பாங்க.

போன வாரம் வாங்கின சிப்ஸ் ஹேண்ட்பேக்கிலேயே கிடந்திருக்கு. நாலாம் நாள் பார்த்தா நமத்துப் போயிருந்தது. காசைப் பாழாக்கிட்டேன்னு அம்மா திட்டினாங்க.