டெக்சஸ் பின்கட்டில் ஓர் இரும்புப் புகையடுப்பு

டெக்சஸுக்குக் குடிவரும் தமிழர்களுக்கு முதல் கோடை முடிவதற்குள் அது கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வீட்டுப் பின்கட்டில் கறுத்துக் கிடக்கும் இரும்பு உருளை, ஒரு முனையில் விறகுப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. பெட்டியில் எரியும் நெருப்பின் சூடும் புகையும் உருளைக்குள் குறுக்காக ஓடி, கறியைத் தடவிக்கொண்டு வெளியே போகும். இதற்கு ஆஃப்செட் ஸ்மோக்கர் என்று பெயர், பழைய ஆட்கள் சுருக்கமாக 'பிட்' என்பார்கள். எண்ணெய் வயல்களில் குழாய் வெல்டிங் செய்தவர்கள் மீந்த துண்டுகளில் கட்டிக் கட்டிப் பெருகிய சாமான் இது. நம் ஊர் கிரில் பட்டறையை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு, "இதை நாமே கட்டலாமே" என்று கை துறுதுறுப்பது இயல்புதான்.

கட்டலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இந்த அடுப்பில் இரும்பின் தடிமனைவிட ஓட்டைகளின் அளவுதான் முக்கியம். தடித்த தகடு சூட்டைப் பிடித்துவைக்கும், காற்றடித்தாலும் ஏறி இறங்காது. அதற்குக் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் போதும். காற்று நுழையும் வாய், பெட்டிக்கும் உருளைக்கும் நடுவிலுள்ள தொண்டை, புகைபோக்கி ஆகிய மூன்றில் ஒன்று சிறுத்தாலும் எவ்வளவு தடித்த இரும்பும் கறியைக் கசக்கத்தான் வைக்கும்.

இடத்தை முதலில் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் இந்த யோசனையைத் தள்ளிப்போடலாம். அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் பின்பற்றும் தீ விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரி அடுப்பு, திறந்த நெருப்பு அடுப்பு மூட்டுவதைத் தடுக்கிறது. தனி வீட்டுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனாலும் மரவேலியிலிருந்தும் கூரை விளிம்பிலிருந்தும் அந்த 10 அடியை விடுவதே புத்தி. குடியிருப்போர் சங்கம் இருக்கும் பகுதியென்றால் அவர்களுடைய விதிப் புத்தகத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மரப்பலகைத் தளத்தில் இதை வைக்கக் கூடாது. முடிந்த அடுப்பு 600 பவுண்டைத் தாண்டும், ஏறக்குறைய 270 கிலோ. கான்கிரீட் தரைதான் சரி.

அடுத்தது மின்சாரம். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நம் ஊரில் எந்தப் பிளக்கிலும் 230 வோல்ட். இங்கே கேரேஜ் சுவரில் இருப்பது 120 வோல்ட், 15 அல்லது 20 ஆம்பியர். அதில் ஓடும் சிறிய வெல்டிங் மெஷினால் கால் அங்குலத் தகட்டில் பற்றவைத்தால் மேலே மணி மணியாக அழகாக இருக்கும், அடியில் உருகிச் சேர்ந்திருக்காது. ஓங்கி ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். 240 வோல்ட் மெஷின் வேண்டும், அதற்கு 50 ஆம்பியர் தனிச் சுற்றில் நெமா 6-50 என்ற வகைப் பிளக் வேண்டும். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். துணி உலர்த்தும் மெஷினுக்கான பிளக்கும் 240 வோல்ட்தான், ஆனால் 30 ஆம்பியர், முள் அமைப்பும் வேறு. அடாப்டர் மாட்டினால் மெஷினை முழுச் சக்தியில் ஓட்ட முடியாது. வாடகை வீடென்றால், வெட்டும் வேலையையும் முக்கியமான மூட்டுகளையும் ஒரு பட்டறையில் முடித்து வாங்கி வருவது நல்லது.

இனி அளவு. இங்கே குழாயின் பெயரும் அதன் உண்மை அளவும் 12 அங்குலம் வரை பொருந்தாது. '6 அங்குலக் குழாய்' வெளிவிட்டம் 6.625 அங்குலம். 14 அங்குலத்திலிருந்து மேலே பெயரும் வெளிவிட்டமும் ஒன்றே. ஆகவே 20 அங்குலக் குழாய் உண்மையிலேயே 20 அங்குலம்தான். கால் அங்குலச் சுவர் உள்ள 20 அங்குலக் குழாய் அடிக்கு ஏறத்தாழ 53 பவுண்டு. கால் அங்குலத் தகடு சதுர அடிக்கு 10.2 பவுண்டு. 4 அடிக்கு 8 அடி முழுத் தகடு 326 பவுண்டு வரும், இரண்டு பேர் தூக்கி காரில் போட்டுக்கொண்டு வர முடியாது. இரும்புக் கடையில் 'டிராப்' என்று கேளுங்கள். வெட்டி மீந்த துண்டுகளை எடைக்கு எடுக்கலாம், கேட்டால் அளவுக்கு நறுக்கியும் தருவார்கள்.

20 அங்குல விட்டம், 5 அடி நீளம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். உள்விட்டம் 19.5, நீளம் 60, கொள்ளளவு ஏறக்குறைய 17,900 கன அங்குலம். கட்டுகிறவர்களிடம் புழங்கும் விகிதப்படி நெருப்புப் பெட்டி இதில் மூன்றில் ஒரு பங்கு. 18 அங்குலச் சதுரப் பெட்டி 5,832 கன அங்குலம், கச்சிதம். தொண்டைக்கு உருளைக் கொள்ளளவில் 0.004 பங்கு, அதாவது 70 சதுர அங்குலத்தை ஒட்டி. உருளையின் அடிவயிற்றில் பிறை வடிவில் வெட்டினால் நடு உயரம் 5.5 அங்குலம் வரும். காற்று வாய்க்கு 0.001 பங்கு, 18 சதுர அங்குலம், 3-க்கு 6 என்ற பிளவு போதும். புகைபோக்கிக்கு 0.022 பங்கு என்று போட்டால் 394 கன அங்குலம், 6 அங்குலக் குழாயில் 14 அங்குல உயரம்தான். இந்த ஒன்றில் மட்டும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது குறைந்தபட்சம். 30 முதல் 36 அங்குல உயரம் வைத்தால்தான் இழுவை நன்றாக இருக்கும். இழுவை அதிகமானால் காற்று வாயைக் குறைத்துக்கொள்ளலாம், குறைவானால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எந்த இரும்பு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள எதுவும் வேண்டாம். அதை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் தள்ளும், சமைக்கும் அடுப்பில் அது இருக்கவே கூடாது. பழைய எண்ணெய் வயல் குழாயை யாராவது சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள், உள்ளே படிந்த செதிலில் இயற்கைக் கதிரியக்கப் பொருள் இருக்கக்கூடும். அந்தக் கழிவை இங்கே கண்காணிப்பது டெக்சஸ் அரசின் ரயில்ரோடு கமிஷன். பெயர்தான் ரயில், பார்க்கும் வேலை பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவும். புரோபேன் தொட்டியில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் 'காலி' தொட்டி காலியல்ல. வால்வைக் கழற்றி, கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பாமல் முதல் வெட்டைப் போட்டவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். புது வேலைக்காரர் புதுக் குழாயில் தொடங்குவதே நல்லது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க பிரேக் கிளீனர் எடுக்காதீர்கள். குளோரின் உள்ள வகை வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். அசிட்டோனில் துடைத்து, உலரவிட்டு, டப்பாவைத் தூரப் போட்டுவிட்டுத்தான் ஆர்க் பிடிக்க வேண்டும்.

கறியை வைத்து எடுக்க உருளையில் வெட்டும் கதவில்தான் வேலை கெட்டுப்போகும். குழாய் செய்யும்போதே அதற்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. நான்கு பக்கமும் ஒரேயடியாக வெட்டி எடுத்தால் கதவு ஒரு வளைவு, உருளை ஒரு வளைவு என்று இரண்டும் தனித்தனியே விரிந்துவிடும். பிறகு அரை அங்குல இடைவெளியில் புகை கசியும். செய்ய வேண்டிய முறை இது: கோடு போட்டதும் கீல் வரும் மேல் கோட்டை மட்டும் வெட்டுங்கள், நடுநடுவே அரை அங்குலம் வெட்டாமல் விடுங்கள். உடனே கீல்களைப் பற்றவையுங்கள். பிறகு பக்கக் கோடுகளையும் கீழ்க்கோட்டையும் வெட்டி, மூலைகளில் மட்டும் பிடிப்பு வைத்திருங்கள். அந்த நிலையிலேயே 1 அங்குல அகலம், எட்டில் ஒரு அங்குலத் தடிமன் உள்ள ஃபிளாட் பட்டையை வளைத்து, பாதி கதவின் மேலும் பாதி உருளையின் மேலும் படும்படி வைத்து, கதவோடு மட்டும் பற்றவையுங்கள். கடைசியாகத்தான் மீந்த பிடிப்புகளை அறுக்க வேண்டும். கோட்டை 1.2 மில்லிமீட்டர் வட்டில் அறுத்தால் இடைவெளியே தெரியாது, கேஸ் கட்டிங் வேண்டாம்.

48 அங்குல நீளத்தில் கால் வட்டம் ஒரே கதவாக வெட்டினால் அது 53 பவுண்டு. தூக்குவது ஒருபுறம், நீளக் கதவு சூட்டில் வளையும். முதல் அடுப்பில் 22 அங்குலத்தில் இரண்டு கதவாக வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மீதமுள்ள பட்டை உருளைக்கும் விலா எலும்பு மாதிரி. ஒரு கதவைத் திறந்து பார்க்கையில் மறுபக்கச் சூடும் போகாது.

வெல்டிங்குக்கு 7018 ராடு, எட்டில் ஒரு அங்குலம். ஊரில் 10 நம்பர் ராடு என்பது இந்தப் பருமன்தான். 110 முதல் 140 ஆம்பியர் வரை வையுங்கள். கம்பி தானாக ஓடிவரும் மிக் மெஷின் என்றால் 0.035 அங்குலக் கம்பி, 75 பங்கு ஆர்கான், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. எங்கும் முதலில் டேக் அடித்து, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, மூலைமட்டம் பாருங்கள். பிறகு 2 அங்குலம் இங்கே, 2 அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓட்டினால் பெட்டியின் மேல்தகடு படகாகிவிடும். அந்த மேல்தகட்டை மட்டும் எட்டில் மூன்று அங்குலத் தடிமனில் போடுவது நல்லது, நெருப்பு நேராகத் தின்பது அதைத்தான்.

பெட்டியை உருளைக்குத் தாழ்வாகப் பொருத்த வேண்டும். பெட்டியின் மேல்தகடு உருளையின் அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் சேர்ந்தால் தொண்டை முழுவதும் பெட்டிக்குள் திறக்கும். தொண்டைக்கு மேலே உருளைக்குள் சாய்வாக ஒரு தகடு வைக்காவிட்டால் முதல் ஓரடித் தூரத்தில் வைத்த கறி கருகும். விறகுக்கான கம்பித்தட்டு பெட்டித் தரையிலிருந்து 4 அங்குலம் மேலே. சாம்பல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் நெருப்புக்கு மூச்சு முட்டும். கறி வைக்கும் தட்டுக்குப் பூச்சில்லாத எக்ஸ்பாண்டட் மெட்டலை, அதாவது வலைபோல் விரித்த இரும்புத் தகட்டை, ஆங்கிள் சட்டத்தில் வைத்து, உருளையின் நடுக்கோட்டில் உட்காரவையுங்கள். புகைபோக்கியை உருளையின் உச்சியில் வைக்காமல் மறுமுனைத் தகட்டில், தட்டு உயரத்திலேயே தொடங்குங்கள். உச்சியில் வைத்தால் சூடு கறிக்கு மேலாகவே ஓடிவிடும். வெப்பமானியும் தட்டு உயரத்தில்தான். கதவு உச்சியில் மாட்டினால் கறி இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கால்களைப் பற்றவைக்கும் முன் ஒரு சாய்வு: 5 அடிக்கு முக்கால் அங்குலம், புகைபோக்கிப் பக்கம் தாழ்வாக. கொழுப்பு அந்த முனையில் துளை வழியே வாளிக்கு இறங்க வேண்டும். சாய்வு பெட்டிப் பக்கம் போனால் கொழுப்பு நெருப்பில் இறங்கி உருளையே பற்றிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் உள்ளே கசடு, எண்ணெய், சுண்ணாம்புக் கோடு எல்லாவற்றையும் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவி, சமையல் எண்ணெயை மெல்லியதாகத் துடைத்துவிட்டு, 275 ஃபாரன்ஹீட்டில் நான்கு மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். வெளியே சூடு தாங்கும் பெயிண்ட் உருளையில் நிற்கும், பெட்டியில் நிற்காது. பெட்டி சூடாக இருக்கும்போது எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி.

சமையல் சூடு 225 முதல் 275 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 107 முதல் 135 டிகிரி. புகைபோக்கியில் வருவது மெல்லிய நீலமாக, கிட்டத்தட்டத் தெரியாததாக இருக்க வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை என்றால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. சூட்டைக் குறைக்கக் காற்று வாயை அடைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்வது. நெருப்பு புழுங்கி, கறியில் தார்க் கசப்பு ஏறும். காற்றைத் திறந்துவிட்டு நெருப்பைச் சிறிதாக்குங்கள். இங்கே கட்டாக விற்கும் விறகு பொதுவாக 16 அங்குலம். 18 அங்குலப் பெட்டிக்கு அதை 12 அங்குலமாக அறுத்து, மணிக்கட்டுப் பருமனில் பிளந்துகொள்ள வேண்டும். உலர்ந்த போஸ்ட் ஓக் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், பெக்கான் மரமும் நல்லது. மெஸ்கீட் என்று ஒன்று தருவார்கள். முள்ளையும் காயையும் பார்த்ததும் அடையாளம் தெரியும், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே குணம்: சூடு அதிகம், புகை காரம். கரியாக எரியவிட்டுச் சீக்கிரம் வாட்டுவதற்கு அருமை, எட்டு மணி நேரப் புகைக்கு ஆகாது.

ஆட்டுத் தொடை, கோழித் துண்டு எதுவானாலும் முதல் நாள் ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பி வையுங்கள். எங்கே சீக்கிரம் சிவக்கிறதோ அங்கே சூடு அதிகம். தொண்டைப் பக்கம் மட்டும் சிவந்தால் உள்ளே சாய்த்த தகட்டை இரண்டு அங்குலம் நீட்டிப் பாருங்கள். அதனால்தான் அந்தத் தகட்டைப் பற்றவைக்காமல் சும்மா தாங்கியில் வைக்கச் சொல்வது.

சாம்பலை ஆறியதும் எடுத்துவிடுங்கள், மூடியுள்ள தகர வாளியில். உள்ளேயே விட்டால் ஒரு மழையில் நனைந்து பெட்டியின் தரையை அரிக்கத் தொடங்கும். புகைபோக்கிக்கு மேல் ஒரு மூடி, பெட்டித் தரையின் மூலையில் கால் அங்குலத் துளை ஒன்று, இவை இரண்டும் கட்டும்போதே வைக்க வேண்டியவை.