தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள்

24 அக்டோபர் 2025, வெள்ளி

தீபாவளி லீவு முடிந்து உற்பத்தி லைன் ஓடத் தொடங்கிவிட்டது, ஆள்தான் இல்லை. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன பையன்களில் பலர் திரும்பவில்லை. சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் எச்.ஆர். (மனிதவள) வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சட்டப்படி போனஸ் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், நாம் அதற்கு மேலேயே கொடுத்தோமே, அப்புறமும் ஏன் நிற்கவில்லை என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். போனஸ் முடிந்துபோன வருஷத்து உழைப்புக்கான காசு. வரப்போகிற வருஷத்துக்கு அதை வைத்து யாரையும் நிறுத்திவைக்க முடியாது.

28 அக்டோபர், செவ்வாய்

விலகியவர்களின் ஃபைலை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘சொந்தக் காரணம்’ என்றே இருக்கிறது. அதனால் ஒவ்வொருவருக்காக போன் போட்டேன்.

விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னது: “சம்பளம் பரவாயில்ல மேடம். அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட்டுன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் சொல்றாங்க. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு வர்றேன்னு வீட்ல உறுதியா சொல்ல முடியல.” திருவண்ணாமலைப் பெண் ஒருத்தி லீவு கேட்டதற்கு, லைன் லீடர் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் பஸ் ஏறியவள்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையனை இரண்டு மாதமாகியும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம், அவன் நிற்கும் வேலையிடத்தின் நம்பர்தானாம். கேட்கவே வலித்தது.

விலகியவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் போனவர்கள். ஒரு வருஷம் தாண்டியவர்கள் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

3 நவம்பர், திங்கள்

ராத்திரி ஃபோர்டு கம்பெனியின் பழைய வரலாற்றைப் படித்தேன். 1913இல் டெட்ராய்ட் பக்கத்து ஹைலண்ட் பார்க் ஆலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் சம்பளம், ஒன்பது மணி நேர வேலை எட்டாகக் குறைப்பு என்று அறிவித்தார்கள், ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் சொல்வது இந்த 5 டாலர் கதையைத்தான். அதற்குச் சில மாதம் முன்பே, 1913 அக்டோபரில், ஜான் லீ என்ற ஃபோர்டு அதிகாரி, ஃபோர்மன்கள் (லைன் லீடர் மாதிரியான மேற்பார்வையாளர்கள்) நினைத்தபடி ஆளைத் துரத்தும் அதிகாரத்தைப் பிடுங்கியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. காசு வந்த பிறகு வீடு வீடாக ஆள் அனுப்பி, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று விசாரித்ததை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது.

11 நவம்பர், செவ்வாய்

மீட்டிங். செயலி வழியாக ஒரு சர்வே, மாதம் ஒருவருக்குச் சிறந்த ஊழியர் பரிசு என்று பேச்சு போனது. சர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் (Gallup) நிறுவனம் ஊழியர்களிடம் கேட்கும் 12 கேள்விகளையே எடுத்துக்கொள்ளலாம்: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியுமா, வேலைக்கு வேண்டிய பொருள் கையில் இருக்கிறதா, என் மேல் அக்கறை உள்ளவர் யாராவது இங்கே உண்டா. இந்த மூன்றுக்கும் பதில் லைன் லீடர் கையில் இருக்கிறது. அவரோ நன்றாக மெஷின் ஓட்டியதற்காகப் பதவி உயர்வு பெற்றவர். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு நாம் ஒருநாள்கூடச் சொல்லித்தரவில்லை. இதைச் சொன்னதும் உற்பத்தி மேனேஜர் தலையாட்டினார்.

22 நவம்பர், சனி

நேற்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து வருஷம் காத்திராமல், ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. வருஷம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். மூன்றாம் மாதமே போகிறவனுக்கு ஒரு வருஷம் என்பது எட்டக்கூடிய தூரம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அது அவன் காதுக்குப் போக வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஷிஃப்ட் தொடங்கும்போதே சொல்லப்போகிறோம்.

28 நவம்பர், வெள்ளி

ஷிஃப்ட் பட்டியலை இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, முந்தைய புதன்கிழமையே ஒட்ட ஒப்புதல் கிடைத்தது. எந்த லைனில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கு இனி உற்பத்திக் கணக்கோடு சேர்ந்து போகும். லைன் லீடர்களுக்கு வகுப்பு கேட்டேன், பாதி நாள்தான் தந்தார்கள். போதாது, மறுபடி கேட்பேன்.

திங்கட்கிழமை புது பேட்ச் வருகிறது. பெயர் அட்டை தயார். பொங்கல் லீவுப் பட்டியலை டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒட்டச் சொல்லிவிட்டேன்.