பனி வழிக்கும் ஒப்பந்தத்தில் உப்பு எங்கே?

ஒக்டோபர் பிறந்தாலே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கதவிடுக்குகளில் பனி வழிக்கும் நிறுவனங்களின் துண்டுப்பிரசுரங்கள் வந்து சேரத் தொடங்கிவிடும். நம்மவர்கள் முதலில் விசாரிப்பது முழுப் பருவத்துக்கும் எவ்வளவு என்பதைத்தான்; அந்தத் தொகைக்குள் பனிக்கட்டியை உருக்க உப்புப் போடுவதும் அடங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், காசு கொடுத்து ஆள் வைப்பது பனிக்காக அல்ல, பனிக்கட்டிக்காகத்தான்.

ரொறன்ரோவின் குளிர்காலம் இடைவிடாமல் உறைந்தே கிடப்பதில்லை. மத்தியான வெயிலில் கூரையிலிருந்தும் ஓரத்துக் குவியல்களிலிருந்தும் வடியும் நீர், பொழுது சாய்ந்ததும் வீட்டு வாகனப் பாதையான டிரைவ்வேயில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடாக இறுகிவிடுகிறது. அன்று பனி பொழிந்தே இராது. ஆகவே 5 சென்ரிமீற்றர் பெய்தால் மட்டுமே வருவோம் என்று எழுதிய ஒப்பந்தப்படி எவரும் வரவும் மாட்டார்கள். 2013 டிசெம்பரில் இந்த நகரத்தை இருளில் ஆழ்த்தியதும் பனிப்பொழிவல்ல, பட்ட இடத்திலேயே உறைந்துவிடும் உறைமழைதான்.

உப்பிலும் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கல்லுப்பு, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை நெருங்கும்போதே மந்தமாகிவிடும். அதற்கும் கீழே கல்சியம் குளோரைட் வேண்டும், இல்லையேல் உருக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கால் வழுக்காதிருக்க மணலைத் தூவ வேண்டும். கை தேர்ந்தவர் முதலில் தரை தெரியும்வரை வழித்துவிட்டு, மணிகளுக்கிடையே இடைவெளி விழும்படி வீசுவார். அள்ளிக் கொட்டினால் புல் கருகும், புதிய கொங்கிறீற்று செதில் செதிலாக உரியும், மிச்சமெல்லாம் ஓடைகள் வழியே ஒன்ராறியோ ஏரிக்குப் போய்ச் சேரும்.

வீதியைத் துப்புரவாக்கும் லொறி டிரைவ்வேயின் வாயிலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனித் திட்டை எடுப்பதற்கு மறுபடி வருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழித்த பனியை வீதியில் தள்ளுவதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதால், அதை எங்கே குவிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: பல வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்; இயந்திரம் வீசும் பனி அவற்றை மூடிவிட்டால், ஃபேர்னஸ் நின்றுபோகலாம், அல்லது காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். பேரம் பேசும் நாளிலேயே ஒப்பந்தக்காரரை அழைத்துச் சென்று அந்த மூலையைக் காட்டிவிட வேண்டும்.

2021 முதல் ஒன்ராறியோவில், தனியார் வளவில் பனியிலோ பனிக்கட்டியிலோ வழுக்கி விழுந்து காயப்பட்டவர் வழக்குத் தொடர விரும்பினால், பொதுவாக 60 நாட்களுக்குள் வீட்டுக்காரருக்கோ ஒப்பந்தக்காரருக்கோ எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அப்படியொரு கடிதம் வரும்போது, எத்தனை மணிக்கு வழித்தார்கள், எப்போது உப்பிட்டார்கள் என்ற பதிவுதான் கைகொடுக்கும். அந்தப் பதிவையும் காப்புறுதிச் சான்றிதழையும் காட்டத் தயங்குபவர், எவ்வளவு மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும், நான் கையெழுத்திடுவதில்லை.