சொந்த மைதானத்து அக்டோபர்

2019 அக்டோபர் 21, திங்கள்

நாளைக்கு வேர்ல்ட் சீரிஸ், அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், ஆரம்பம். எங்கள் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் வாஷிங்டன் நேஷனல்ஸும். நான் இருப்பது ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில், தம்பி இருப்பது வாஷிங்டனை ஒட்டி வர்ஜீனியாவில், ஆகவே இந்தப் பத்து நாளும் எங்களுக்குள் வேறு பேச்சு ஓடாது. இன்று சாயங்காலமே போனில் பிடித்துக்கொண்டான்.

விஷயம் சொந்த மைதானத்துச் சாதகம். ஏழு ஆட்டம், நான்கு ஜெயித்தால் கோப்பை. அதில் முதல் இரண்டு இங்கே, நடு மூன்று அங்கே, தேவைப்பட்டால் கடைசி இரண்டும் திரும்ப இங்கே. 2003இலிருந்து 2016 வரை இரண்டு லீக்கின் நட்சத்திரங்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் எந்த லீக் ஜெயித்ததோ அந்த லீக் அணிக்கு, சொந்த மைதானத்தில் நான்கு ஆட்டம் என்கிற இந்தச் சலுகை போகும். எனக்கு அது நியாயமாகவே பட்டதில்லை. 2017இலிருந்துதான் சீசனில் அதிகம் ஜெயித்த அணிக்கு என்று மாற்றினார்கள். நாங்கள் 107, அவர்கள் 93. அதுவும் இந்த வருஷம் எங்கள் மைதானத்தில் நாங்கள் ஜெயித்தது 60, தோற்றது வெறும் 21.

"அக்கா, பேஸ்பாலில் சொந்த மைதானம் என்றால் நூற்றுக்கு ஏதோ 54 ஆட்டம் ஜெயிக்கலாம், அவ்வளவுதான், இதைப் போய் பெரிசா சொல்றியே" என்கிறான். 1987இலும் 1991இலும் மினசோட்டா அணி தன் கூரை போட்ட மைதானத்தில் எல்லா ஆட்டமும் ஜெயித்து, வெளியூரில் எல்லாம் தோற்று, ரெண்டு தடவையும் கோப்பையைத் தூக்கியதே, அது என்னடா என்றேன். 2001இல் அரிசோனாவும் அப்படித்தான். மூன்று தொடரிலும் ஏழு ஆட்டமும் உள்ளூர் அணிக்கே. அவனிடம் பதில் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 22, செவ்வாய், இரவு

5-4. தோற்றுவிட்டோம். எங்கள் கெரிட் கோல் மே மாதத்துக்கு அப்புறம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பிட்சர் (பந்து எறிகிறவர்), அவர் பந்தை எதிரணியின் ஹுவான் சோட்டோ என்கிற பையன் (இன்னும் மூன்று நாளில்தான் அவனுக்கு 21 வயசே ஆகப்போகிறது) இடது பக்கச் சுவருக்கு மேலே அலங்கார ரயில் ஓடுகிற தண்டவாளத்துக்கே தூக்கி அடித்தான். எங்கள் மைதானத்தில் இடது பக்கச் சுவர் 315 அடிதான், அங்கே அடிப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை என்று நான் நேற்றுத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். சுவர் யாருக்கும் சொந்தமில்லை அக்கா, அது அங்கேயேதான் நிற்கும், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று தம்பி மெசேஜ் போட்டிருக்கிறான். அது சரிதான். ஆனால் 81 ஆட்டம் அந்தச் சுவரைப் பார்த்தே ஆடுகிறவனுக்கும் நேற்று வந்திறங்கியவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்? இருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன், விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று இரவு நானும் மகனும் மைதானத்தில் இருந்தோம். இவருடைய அலுவலகத்தில் இரண்டு டிக்கெட் கிடைத்தது, நீங்கள் போங்கள் என்று விட்டுக்கொடுத்தார்.

முதல் இன்னிங்ஸில் அவர்கள் இரண்டு ரன் எடுத்ததும் எங்கள் ப்ரெக்மன் பந்தைச் சுவரைத் தாண்டி அடித்து, இரண்டு ரன் ஹோம் ரன்னாக, 2-2 ஆக்கினார் பாருங்கள், அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. இடது பக்கச் சுவருக்கு மேலே ஆரஞ்சுப் பழம் ஏற்றிய அந்த ரயில் விசில் அடித்துக்கொண்டு நகர்ந்தது. மகன் என் கையைப் பிடித்துக் குதித்தான். என் பக்கத்தில் ஒரு வயசானவர், அணியின் பழைய மைதானமான ஆஸ்ட்ரோடோம் காலத்திலிருந்து வருகிறாராம், மடியில் ஸ்கோர் அட்டையை வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். ரெண்டு இன்னிங்ஸுக்கு ஒரு தடவை சட்டைப் பையிலிருந்து ஷார்ப்னரை எடுத்துச் சீவுவார், சீவலைப் பேப்பர் கப்பில் போடுவார்.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஆறு வரை 2-2தான். ஏழாவது இன்னிங்ஸின் முதல் ஆளாக வந்து அவர்களுடைய கர்ட் சுஸுக்கி எங்கள் பிட்சர் வெர்லாண்டரின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். அப்போது வந்த அமைதியை எப்படி எழுதுவது? நாற்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில், எதிரணிக்காரர்கள் அவர்கள் வரிசையில் கத்தியது தனித்தனிக் குரலாகக் கேட்டது. அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் அவர்களுக்கு ஆறு ரன். எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் வரிசையில் பாதி பேர் எழுந்து போய்விட்டார்கள். 12-3. பெரியவர் மட்டும் கடைசி அவுட்டையும் எழுதி, அட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

கூட்டம் அணிக்குப் பலம் என்றுதான் எப்போதும் நினைத்தேன். ஆனால் ஒரே அடியில் வாயடைத்துப்போகிற கூட்டம் கீழே ஆடுகிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நாம் பயந்ததை அவர்களும் கேட்டிருப்பார்களே. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

வாஷிங்டனில் 86 வருஷம் கழித்து ஒரு வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம். 1933க்கு அப்புறம் இன்றைக்குத்தான். தம்பியும் நண்பர்களும் வீட்டில் பிரியாணி செய்து பெரிய திருவிழாவே நடத்தினார்கள். நாங்கள் 4-1 ஜெயித்தோம். ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் பத்து தடவை பேட் பிடித்தும் ஒரு ஹிட் வரவில்லை.

அம்மா திருநெல்வேலியிலிருந்து பேசும்போது யார் ஜெயித்தது என்று கேட்டாள், சொன்னேன். "தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனைன்னு சொல்லுவாங்க, உங்க ரெண்டு பேருக்கும் தலைகீழால்ல இருக்கு" என்றாள்.

ஒன்று குறித்து வைக்க வேண்டும். சொந்த மைதானம் என்பது சத்தம் மட்டுமில்லை, விதியே மாறுகிறது. எங்கள் அமெரிக்கன் லீக் மைதானத்தில் பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒரு ஆள், டி.எச். என்று. அவர்கள் நேஷனல் லீக் மைதானத்தில் அது கிடையாது, பிட்சரே மட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதனால் எங்கள் யோர்டான் அல்வாரெஸ், இந்த சீசனின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு, இன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு அணியின் முக்கியமான மட்டையை மைதானம் பிடுங்கி வைக்கிறது என்றால் அது கண்ணுக்குத் தெரிகிற சாதகம். சேப்பாக்கத்தில் பந்து சுழல்கிற மாதிரி. அப்படியும் அவர்களால் ஜெயிக்க முடியவில்லையே என்பதுதான் இன்று முழுக்க மண்டைக்குள் ஓடுகிறது.

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அதிரசம், முறுக்கு, பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தவர்கள் எல்லாரும் டிவி முன்னால்தான்.

நேற்று 8-1, நாங்கள்தான். பேஸ் மூன்றிலும் ஆள் நிற்க ப்ரெக்மன் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். இன்று 7-1, அதுவும் நாங்களே. அவர்கள் பிட்சர் ஷெர்சருக்குக் கழுத்துப் பிடிப்பு, கையைத் தூக்கவே முடியவில்லையாம், ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால்தான் அறிவித்தார்கள். அல்வாரெஸை இன்று இடது பக்கம் ஃபீல்டிங்கில் நிறுத்தித் துணிந்து இறக்கினார்கள், வந்த கையோடு ஒரு ஹோம் ரன்.

அம்பயர் உள்ளூர்க் கூட்டத்துக்குக் கொஞ்சம் சாய்வார் என்பது பழைய வாதம். நானும் நம்புகிறேன், அத்தனை பேர் கத்தும்போது மனுஷ மனசுதானே. ஆனால் இன்று ஏழாவது இன்னிங்ஸில் வாஷிங்டனின் ரோப்ளெஸுக்கு வெளியே போன பந்தை ஸ்ட்ரைக், அதாவது அடித்திருக்க வேண்டிய பந்து, என்று சொல்லி அவுட்டாக்கி அனுப்பிவிட்டார் அம்பயர். அது உள்ளூர்க்காரனுக்கு எதிராகப் போன தீர்ப்பு. தம்பி கோபத்தில் தீபாவளி வாழ்த்துகூடச் சொல்லாமல் வைத்துவிட்டான். எனக்கும் அது தப்பாகத்தான் பட்டது, நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்து ஆட்டம், ஐந்தும் வெளியூர்க்காரனுக்கு. இப்போது 3-2, மிச்சம் இரண்டும் எங்கள் மைதானத்தில். ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும்.

அக்டோபர் 29, செவ்வாய்

7-2, தோற்றோம். அவர்கள் பிட்சர் ஸ்ட்ராஸ்பர்க் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை வந்து நின்றார், எங்களால் அவரை அசைக்க முடியவில்லை.

ஏழாவது இன்னிங்ஸில் அவர்களுடைய ட்ரே டர்னர் முதல் பேஸுக்கு ஓடும்போது பந்தைப் பிடிக்கவிடாமல் குறுக்கே வந்தார் என்று அவுட் கொடுத்தார்கள். இந்த முறை தீர்ப்பு எங்களுக்குச் சாதகம். அவர்கள் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் கத்திய கத்தில் வெளியே அனுப்பப்பட்டார். ஆனால் அந்தச் சண்டை ஓயும் முன்னே அவர்களுடைய ரெண்டோன் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்துவிட்டார். அம்பயர் கொடுத்ததை மட்டை எடுத்துக்கொண்டது.

"அக்கா, நாளைக்கு மட்டும் நீ ஜெயிச்சா சொந்த மைதானம்னு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கறேன்" என்றான். நான் ஜெயிக்கணும் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 30, புதன், நள்ளிரவு

ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது 2-0, நாங்கள் முன்னால். எங்கள் பிட்சர் க்ரெய்ன்கி எறிந்ததைப் பார்த்தால் பூக்கட்டுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு நிதானம். ஏழாவது இன்னிங்ஸில் ரெண்டோன் ஒரு ஹோம் ரன், அடுத்து சோட்டோவுக்கு வாக், அதாவது அடிக்காமலே முதல் பேஸ். க்ரெய்ன்கியை எடுத்துவிட்டு வில் ஹாரிஸை அனுப்பினார்கள். அவர்களுடைய ஹாவி கெண்ட்ரிக் வலது பக்கம் கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி ஒரு அடி. போகட்டும், ஃபவுல் போகட்டும் என்று மகன் சத்தமாகவே வேண்டிக்கொண்டிருந்தான். பந்து ஃபவுல் கம்பத்துக் கம்பிவலையில் பட்டது. டங். டிவியிலேயே அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கம்பத்தில் பட்டால் ஹோம் ரன்.

6-2. கோப்பை வாஷிங்டனுக்கு. பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி எதிலும் ஏழு ஆட்டத் தொடரில் ஏழும் வெளியூர் அணி ஜெயித்தது இதற்கு முன் நடந்ததே இல்லை.

கெண்ட்ரிக் இன்று ஆடியது டி.எச். இடத்தில். அந்த இடமே எங்கள் மைதானத்து விதி கொடுத்தது. பத்து தடவையாவது இதை நினைத்துவிட்டேன், நினைத்தால் வயிறு கலங்குகிறது.

தம்பி கூப்பிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. மனசார வாழ்த்தினேன். மே மாதம் 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்த அணி, அவர்களுக்கு இது சேர வேண்டியதுதான்.

நவம்பர் 13, புதன்

இந்தக் குறிப்பை அன்றோடு முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

நேற்று செய்தி வந்தது. 2017இல், நாங்கள் கோப்பை வென்ற அந்த வருஷம், எங்கள் மைதானத்தின் நேர் எதிர் எல்லையில் இருந்த கேமரா வழியாக எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டுகிற விரல் சைகையைப் பார்த்து, வீரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு திரை வைத்து, குப்பைத் தொட்டியைத் தட்டி மட்டை பிடிப்பவனுக்கு அடுத்த பந்து என்னவென்று தெரிவித்தார்களாம். அதே அணியில் இருந்த மைக் ஃபையர்ஸே பேர் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

மகனும் நானும் ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பழைய வீடியோவைப் பார்த்தோம். 2017 செப்டம்பர் ஆட்டம் ஒன்று. வேகப்பந்து வரும்போது ஒன்றுமில்லை. மெதுவான பந்துக்கு முன்னால், டம் டம். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கேட்கிறது.

சொந்த மைதானத்துச் சாதகம் பற்றி எத்தனை நாள் வாதாடினேன், இந்தச் சத்தத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. 2017 கணக்கை எடுத்துப் பார்த்தேன். உள்ளூரில் 48 வெற்றி, 33 தோல்வி. வெளியூரில் 53 வெற்றி, 28 தோல்வி. தட்டிய இடத்தைவிடத் தட்டாத இடத்தில் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள். எதற்காகத் தட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தம்பி கூப்பிட்டான், நீயே ஜெயிச்சேன்னு சொல்லிக்காதடா என்று நான் சொல்வதற்கு முன்னால், "அக்கா, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டான்.

ஃப்ரிட்ஜில் இன்னும் 2017 செப்டம்பர் டிக்கெட் ஒன்று காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. ஹார்வி புயல் வெள்ளத்தில் எங்கள் தெருவெல்லாம் நனைந்த கார்ப்பெட்டும் மெத்தையும் மலையாகக் கிடந்த மாதம், அணி ஊர் திரும்பியதும் குடும்பத்தோடு போனோம், அழுகை முட்டிக்கொண்டு வரக் கத்தினோம். மகன் அதைக் காட்டி, "அன்னைக்கும் தட்டினாங்களாம்மா?" என்று கேட்டான்.

நாம கத்திக்கிட்டு இருந்தோம்டா, கேட்டிருக்காது என்றேன்.