1098-ஐ அழைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது

எங்கள் எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதை எந்நேரமும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சிறுமிக்குப் பதினோரு வயதுகூட இருக்காது. "சொந்தக்காரப் பொண்ணு, லீவுக்கு வந்திருக்கு" என்றார்கள். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியும் அவள் ஊர் திரும்பவில்லை. ஒருநாள் குப்பை வாளியோடு படியிறங்கியவளின் முழங்கைக்குக் கீழே புதிய சூட்டுக் காயம். "என்னம்மா இது?" என்றேன். "இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. அக்கம்பக்கத்துப் பகை வருமோ, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம். அதைவிட, அவளைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு ஹோமில் விட்டுவிடுவார்களோ என்ற பயம். நான் யோசித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் ஒரு மதியம் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்கு அடித்தேன். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்த இந்த உதவி எண்ணை இப்போது அரசே நடத்துகிறது. எடுத்தவர் முதலில் கேட்டது என் பெயரை அல்ல. "குழந்தைக்கு இப்போது உடனடி ஆபத்து இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். பிறகு வயது, வீட்டு அடையாளம், எந்த நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாள் என்ற விவரங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை என்றார். நானாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இரண்டு பேரும், சாதாரண உடையில் ஒரு பெண் போலீஸும் வந்தார்கள். அன்று மாலைக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்திவிட்டார்கள். இப்படி மீட்கப்படும் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது இந்தக் குழுதான். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அப்படிச் செய்ய வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உள்ள விதி.

சில நாளில் என்னையும் அந்தக் குழு அழைத்தது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் கூண்டும் மேடையுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தது ஒரு சாதாரண அறை. தலைவரும் உறுப்பினர்களும் எங்களைப் போலவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சூட்டுக் காயத்தைப் பற்றி நான் என் ஊகத்தைச் சொல்லத் தொடங்கியதும் ஒரு உறுப்பினர் நிறுத்தினார். "நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா. மத்ததை நாங்க விசாரிக்கிறோம்" என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. சிறுமியிடம் தனியாகப் பேசினார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம் என்பதால் காவல் துறை தனியாக வழக்குப் பதிந்தது. அதில் நான் சாட்சி.

சரி, அதுவரை வேகமாக நடந்தது. அப்புறம்தான் இழுத்தது. அவள் தற்காலிகமாக ஓர் இல்லத்தில் இருந்தாள். குடும்பத்தைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையைப் 15 நாளில் தர வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் வரவில்லை. எனக்கு விவரம் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் அவளை வளர்த்த பாட்டிக்கும் பதில் இல்லை. படிக்க வைக்கிறோம் என்று சொன்னதை நம்பி அனுப்பியவர் அவர். அலுவலக வாசலில் அழுதுகொண்டிருந்தார். நான் உட்கார்ந்து குழுத் தலைவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், பாட்டி கைநாட்டு வைத்தார். அடுத்த வாரமே ஊருக்கு ஆள் போய் விசாரித்தார்கள். இப்படிக் காத்திருப்பவர்கள் மனுவை எழுத்தில் கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். முழு விசாரணையையும் நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்ற விதியையும் அதில் குறிப்பிடுங்கள்.

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது: பாட்டியிடமே ஒப்படைப்பு. நான் பயந்த மாதிரி ஹோமிலேயே வைத்துக்கொள்ளவில்லை. முடிந்தவரை குடும்பத்தோடு சேர்க்க வேண்டும், இல்லம் கடைசி வழி என்பதுதான் சட்டத்தின் நோக்கமே. மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் பரிந்துரைத்தார்கள். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நகரத்தில் 96,000. வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் முன்பே தயாராக இருந்தால் அலைச்சல் குறையும்.

அவள் பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. எழுதுவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன்.

உத்தரவு வாங்கிய அன்று வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கைக் காயம் ஆறியிருந்தது. பள்ளியைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். "அக்கா, பாப்பாவை இப்ப யாரு தூக்கி வச்சுக்கிறாங்க?" என்று கேட்டாள்.