ஆரல்வாய்மொழியின் சாய்ந்த மரங்களைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து முப்பந்தல் பக்கம் வந்ததும், செம்மண் பொட்டல்களில் நிற்கும் உடைமரங்கள் பலவும் கிழக்கு நோக்கியே சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த மரங்களைக் கருப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வண்ணப் படத்தில் மண்ணின் சிவப்பும் வானத்தின் நீலமும் முதலில் கண்ணைப் பிடித்துக்கொள்ள, மரத்தின் சாய்வு கடைசியாகத்தான் கண்ணில் படுகிறது. நிறம் விலகிய பிறகு எஞ்சுவது வடிவம் மட்டுமே. இந்த மரங்களைப் பொறுத்தவரை வடிவம்தான் வரலாறு.

தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாயில் இரு பக்க மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு, வேகம் கூடி, கிழக்கே சமவெளியில் பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று முப்பந்தலில் அமைந்ததற்கும் அதுவே காரணம். காற்றை நேருக்கு நேர் வாங்கும் மேற்குப் பக்கத் தளிர்கள் உலர்ந்து கருகுகின்றன. மறைவில் இருக்கும் கிழக்குப் பக்கத் தளிர்கள் பிழைத்துக் கிளைகளாகின்றன. ஆண்டுக்கு ஆண்டு இது தொடர்வதால், குடைபோல் விரிய வேண்டிய உடைமரத்தின் தலை முழுவதும் ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. பனையின் கதை வேறு. அதற்கு உச்சியில் ஒரே குருத்துதான் என்பதால் பக்கம் பார்த்து வளர வழியில்லை. ஓலைகள் மட்டும் காற்றோடு மடங்க, தண்டு பெரும்பாலும் நேராகவே நிற்கிறது.

இந்த வேறுபாடு படத்துக்குப் பெரிதும் உதவுகிறது. சாய்ந்த மரத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்தால், சாய்ந்தது மரமா கேமராவா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழும். பின்னால் ஒரு பனையோ காற்றாலைக் கம்பமோ நேராக நின்றால் அந்த ஐயம் எழாது. காற்றாலைகள் காட்சியைக் கெடுக்கின்றன என்று அவற்றைத் தவிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரத்தை வளைத்த காற்றுதான் அவற்றையும் சுழற்றுகிறது.

உண்மையான சிக்கல் சாம்பல் நிறங்களில் இருக்கிறது. பச்சை இலையும் நீல வானமும் கருப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக மாறி, உடைமரத்தின் பொடி இலைகள் வானத்தோடு கலந்துவிடும். வானத்தைக் கருக்க, லென்ஸின் முன் பொருத்தும் வண்ணக் கண்ணாடியான ஃபில்டரில் சிவப்பைப் போடுவது பலரின் வழக்கம். ஆனால் அது இலைகளையும் சேர்த்தே கருக்குவதால் மரம் இன்னும் மறைந்துபோகும். மஞ்சள் ஃபில்டரே இங்கு எனக்குப் பிடித்தது. டிஜிட்டலில் எடுப்பவர்கள் ரா கோப்பை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைக் குறைத்து, மஞ்சளையும் பச்சையையும் சற்று உயர்த்தினால் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும். எல்லாவற்றிலும் மேலான வழி, மரத்துக்குப் பின்னால் ஒரு வெண்மேகம் வரும்வரை காத்திருப்பது; ஆனி, ஆடியில் மேகங்கள் விரைந்து நகர்வதால் அந்தக் காத்திருப்பு நீளாது.

அமெரிக்காவின் யோசெமிட்டியில், சென்டினல் டோம் என்னும் பாறை உச்சியில் காற்றால் வளைந்து நின்ற ஜெஃப்ரி பைன் மரத்தை ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1940இல் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 1970களின் வறட்சியில் பட்டுப்போன அந்த மரம் 2003இல் விழுந்துவிட்டது. அந்தப் பாறையில் வீசிய காற்று எப்படிப்பட்டது என்பதைப் படத்திலுள்ள கிளைகள் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பக்கத்து உடைமரங்களோ விறகுக்கும் வீட்டு மனைகளுக்குமாக வெட்டப்படுகின்றன. ஆகவே அவற்றை இப்போதே, பொறுமையாக, ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீண்ட ஷட்டர் நேரம் வைத்து இலைகளைப் புகையாகக் கரைக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. அது அன்றைய காற்றை மட்டுமே காட்டுகிறது. கிளைகளின் கூர்மையைக் கரைத்து, பல ஆண்டுக் காற்றின் தடத்தை மங்கச் செய்கிறது. மேல்காற்று ஓய்ந்துவிட்ட ஐப்பசியில், மழை விட்டிருக்கும் ஒரு காலையில் முக்காலியோடு போய்ப் பாருங்கள். இலைகூட அசையாத அந்த நேரத்திலும் மரம் கிழக்கே சாய்ந்தே நிற்கும். நுண்ணிய கிளைகள்வரை தெளிவாகப் பதிவாகும்.